மொபானே மரத்தில் பட்டுக்கூடு: இது எந்தப் பூச்சி? (போட்ஸ்வானா)

செல்வா_பிரான்சிஸ்டவுன்

அனைவருக்கும் வணக்கம். நான் போட்ஸ்வானாவின் வடகிழக்கில், பிரான்சிஸ்டவுனில் இருக்கிறேன். இங்கே இப்போது குளிர்காலம். ஷாஷே ஆற்றுப் பக்கம் நடக்கப் போனபோது மொபானே மரங்களின் கிளையில் நிறையக் கூடுகளைப் பார்த்தேன். மொபானே தெரியாதவர்களுக்கு: நம்மூர் மந்தாரை மாதிரி இரட்டை மடல் இலை, வறண்ட மண்ணில் வரும் மரம். கூடு கட்டைவிரல் அளவு இருக்கும். சாம்பலும் பழுப்பும் கலந்த நிறம். தோல் போலக் கெட்டி, நகத்தால் கிழிக்க முடியவில்லை. வெளியே சின்னச் சின்ன முடிகள் குத்திக்கொண்டு நிற்கின்றன. ஒன்றைப் பறித்த கையில் ராத்திரி வரை அரிப்பு.

சில கூடுகளின் ஒரு முனையில் பெரிய வாய் திறந்திருக்கிறது. சிலவற்றில் குண்டூசித் துளைகள் நாலைந்து. சில முழுசாக மூடியே இருக்கின்றன. அதே இடத்தில், கொஞ்சம் தள்ளி நிற்கும் முள் வேல மரத்திலும் இதே போன்ற கூடுகள் உண்டு. படங்கள் கீழே.

கைபேசிச் செயலியில் போட்டுப் பார்த்தால் "கோனோமெட்டா போஸ்டிகா" என்கிறது. பக்கத்து வீட்டுப் பாட்டியிடம் "இது ஃபானேயா?" என்று கேட்டேன். இல்லை என்று தலையாட்டிச் சிரித்தார். அப்படியானால் இது என்ன? யாரும் பெயர் வைக்காத இனமாக இருக்க வாய்ப்பு உண்டா?

ஹராரே_மணி

பாட்டி சொன்னது சரி. ஃபானே என்றால் மொபானே புழு, அறிவியல் பெயர் கோனிம்ப்ரேசியா பெலினா. எங்கள் ஜிம்பாப்வேயில் ஷோனாக்காரர்கள் மடோரா என்பார்கள், புலவாயோ பக்கம் அமசிம்பி. இரண்டும் ஒரே மரத்தின் இலையைத் தின்பதால் வெளியூர்க்காரர்களுக்குக் குழப்பம் வரும்.

பிரித்தறிய எளிய வழி உண்டு. மடோராவின் உடம்பில் அடர்ந்த ரோமம் கிடையாது. குட்டை முட்கள், கறுப்பு உடலில் வெள்ளை, மஞ்சள், சிவப்புப் புள்ளிகள். அதைப் பிதுக்கிக் குடலை எடுத்து, உப்புத் தண்ணீரில் வேகவைத்து, வெயிலில் காயவைத்துச் சந்தையில் குவித்து விற்பார்கள். முக்கியமான விஷயம், அது கூடே கட்டாது. மண்ணுக்குள் இறங்கித்தான் கூட்டுப்புழுவாகும். ஆகவே கிளையில் பட்டுக்கூடு தொங்கினால் அது மடோரா இல்லை, அவ்வளவுதான்.

உங்கள் படத்தில் இருப்பதை இங்கே தென்பகுதியில் நானும் பார்த்திருக்கிறேன். பெயர் தெரியாது. சாப்பிட மாட்டார்கள் என்பது மட்டும் தெரியும்.

சுப்பு83

செல்வா அண்ணே, புது இனமாக இருந்தால் உங்கள் பெயரையே வைத்துவிடலாம். கோனோமெட்டா செல்வாயி. நான் இப்போதே வாழ்த்து சொல்லிவிடுகிறேன், பிறகு கூட்டம் கூடிவிடும்.

ராகவன்_பூச்சியியல்

செல்வா தம்பி, படங்கள் நன்றாக இருக்கின்றன. மூன்று வகைக் கூட்டையும் தனித்தனியாக எடுத்ததற்கு ஒரு சபாஷ். பெரும்பாலோர் அழகான ஒன்றை மட்டும் எடுத்து அனுப்புவார்கள்.

முதலில் குடும்பம். ஆப்பிரிக்கப் பட்டுப்பூச்சி என்றதும் சாட்டர்னிடே குடும்பத்தின் பெரிய பூச்சிகள்தான் எல்லோருக்கும் நினைவு வரும். இறகில் கண் வைத்த பேரரசப் பூச்சிகள், வால் நீண்ட நிலாப் பூச்சி இவையெல்லாம் அந்தக் குடும்பம். ஆனால் அவற்றில் பலவும், மணி சொன்ன மொபானே புழு உட்பட, மண்ணில்தான் கூட்டுப்புழுவாகின்றன. பட்டுக்கு அவற்றால் பயனில்லை. உங்கள் கையில் இருப்பது லாசியோகாம்பிடே குடும்பம். புழுவுக்கு உடம்பெல்லாம் ரோமம், பூச்சி தடித்த உடலும் மங்கிய பழுப்பும். இறகில் கண் இருக்காது. கூட்டில் குத்தி நிற்கும் முடிகள் புழுவின் ரோமங்கள்தான். கூடு கட்டும்போது அவற்றையும் சேர்த்தே கட்டிவிடுகிறது. பறவையும் விலங்கும் தொடாமல் இருக்க நல்ல ஏற்பாடு.

பேரினம் கோனோமெட்டா என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. உங்கள் பகுதியில் இந்தப் பேரினத்தில் காட்டுப் பட்டுக்குப் பெயர்போனவை இரண்டு.

ஒன்று, கோனோமெட்டா போஸ்டிகா. 1855இல் வாக்கர் விவரித்தது. கலஹாரி முழுதும் பரவியது. வேல மர வகைகள்தான் அதன் முதன்மை உணவு. வெளியிலிருந்து வந்த சீமைக் கருவேல வகையையும் தின்னப் பழகிவிட்டது.

இன்னொன்று, கோனோமெட்டா ரூஃபோப்ரன்னியா. 1922இல் சுவீடனின் அவுரிவிலியஸ் பெயர் வைத்தது. இது மொபானேக்காரன். மொபானே எங்கே உண்டோ அங்கே மட்டும், அதிலும் போட்ஸ்வானாவின் வடகிழக்கு, ஜிம்பாப்வேயின் தெற்கு, தென்னாப்பிரிக்காவின் வடக்கு என்று சுருங்கிய பரப்பு. போஸ்டிகாவைப் பற்றி எழுதியதில் கால்பங்குகூட இதைப் பற்றி யாரும் எழுதவில்லை.

செயலி போஸ்டிகா என்று சொன்னதில் வியப்பில்லை. அதற்குக் கிடைத்த படங்களில் எது அதிகமோ அதைத்தான் அது சொல்லும். இடத்தையும் மரத்தையும் வைத்துப் பார்த்தால் மொபானேயில் இருப்பவை ரூஃபோப்ரன்னியா என்று நினைக்கிறேன். நினைக்கிறேன் என்றுதான் சொல்கிறேன், கவனியுங்கள். இந்த இரண்டின் கூடுகளையும் கலந்து என் மேசையில் போட்டால் நான் பிரித்துத் தர மாட்டேன்.

சிவகங்கை_மீனா

எங்கள் வீட்டில் அப்பா காலத்திலிருந்து மல்பெரி போட்டுப் பட்டுப்புழு வளர்க்கிறோம். இழையைப் படித்ததும் உட்கார முடியவில்லை.

> சிலவற்றில் குண்டூசித் துளைகள் நாலைந்து

இதைப் படித்ததும் எனக்கு ஊசி ஈ ஞாபகம்தான் வந்தது. எங்கள் சந்திரிகையிலும், அதாவது புழு கூடு கட்டும் தட்டியிலும், இப்படித்தான். புழுவின் மேல் ஈ முட்டை வைத்துவிடும், உள்ளே இருந்து தின்று, கூடு கட்டிய பிறகு துளைத்துக்கொண்டு வெளியே வரும். அந்தக் கூட்டில் நூல் எடுக்க முடியாது. அங்கேயும் அதே கதைதானா? அப்புறம் இந்தக் காட்டுக் கூட்டில் இழை எடுப்பார்களா? அவித்தால் நூல் வருமா?

ராகவன்_பூச்சியியல்

மீனா, சரியாகப் பிடித்தீர்கள். ஊசி ஈயின் குடும்பத்தைச் சேர்ந்த ஈக்கள் கோனோமெட்டாவையும் விடுவதில்லை. டாக்கினிடே என்ற குடும்பம். கூடவே சின்னக் குளவிகளும் உண்டு, பிராக்கிமீரியா போன்றவை. செல்வாவின் படத்தில் தெரியும் வட்டமான, ஓரம் சுத்தமாக வெட்டின துளை குளவி வேலை போல இருக்கிறது. ஒரு முனையில் பெரிய வாய் திறந்திருந்தால் பூச்சி நல்லபடியாக வெளியேறியது என்று பொருள்.

முழுதும் மூடிய கூட்டைக் கையுறை போட்டு எடுத்து மெல்ல ஆட்டிப் பாருங்கள். கனமாக, உள்ளே ஏதோ புரளுகிற மாதிரி இருந்தால் உயிர் இருக்கலாம். லேசாக, கலகலவென்றால் காய்ந்த சடலம்தான்.

நூல் விஷயத்தை உங்களைப் போன்றவர்களே விளக்கினால் நன்றாக இருக்கும். எனக்குத் தெரிந்தது இதுதான்: மல்பெரிப் பட்டு மாதிரி ஒரே இழையாக இழுக்கும் வழக்கம் இல்லை. கூட்டின் சுவரில் கால்சியம் ஆக்சலேட் படிகங்களும் பசையும் இறுகிக் கிடக்கின்றன. அதைக் கரைத்து, முடியை நீக்கி, பஞ்சாக்கி, பருத்தி நூற்பது போல நூற்கிறார்கள். ரூஃபோப்ரன்னியா பட்டின் வேதியியலையும் இழையின் வலுவையும் 1993இலேயே ஆய்வகத்தில் அளந்து எழுதியிருக்கிறார்கள். பூச்சியின் வாழ்க்கை முழுசாகத் தெரியாது, ஆனால் அதன் இழையின் அமினோ அமிலக் கணக்கு தெரியும். நம் அறிவு வளரும் திசை அப்படி.

சிவகங்கை_மீனா

பஞ்சாக்கி நூற்பது என்றால் எங்கள் ஊரில் துளை விழுந்த கூட்டையும் கழிவுப் பட்டையும் செய்வது போலத்தான். அப்படியானால் ஒரு லாபம் இருக்கிறது ஐயா. பூச்சி வெளியே போன கூட்டையே எடுக்கலாம். உள்ளே உயிரோடு அவிக்க வேண்டியதில்லை.

கலை_கால்நடை (வின்ட்ஹுக்)

மீனா அக்கா சொன்னதை நமீபியாவில் செய்கிறார்கள். கிழக்கே லியனார்ட்வில் என்ற சிற்றூரில் போஸ்டிகா கூட்டைச் சேகரித்து நூற்று, கழுத்துத் துணி நெய்கிறார்கள். வெறும் கூட்டைத்தான் பொறுக்க வேண்டும் என்பது சேகரிப்பில் விதி. அடுத்த தலைமுறை தப்பிக்கும்.

நான் எழுத வந்தது வேறு விஷயம். நான் கால்நடை மருத்துவர். எனக்கு இந்தக் கூடு பட்டாக அறிமுகமாகவில்லை, மாட்டின் வயிற்றில் அறிமுகமானது. வறட்சிக் காலத்தில் மாடும் ஆடும் வேலங்காயை விரும்பித் தின்னும். கூடும் காயோடு காயாக உள்ளே போய்விடும். பட்டு செரிக்காது. பசை கரைந்த இழைகள் முதல் இரைப்பையில் ஒன்றோடொன்று பின்னி உருண்டையாகி அடைத்துக்கொள்ளும். மாடு தீனி எடுக்காது, மெலியும், கடைசியில் பட்டினியிலேயே செத்துப்போகும். மான் வகைகளுக்கும் இது நேர்ந்திருக்கிறது. அதனால் பண்ணைக்காரர்களுக்கு இந்தப் பூச்சி மேல் பெரிய பாசம் எதுவும் இல்லை. பட்டுக்காகக் கூட்டைப் பொறுக்கிக்கொண்டு போகிறேன் என்று யாராவது வந்தால் வாசலைத் திறந்துவிடுவார்கள்.

செல்வா சார், கையுறை இல்லாமல் இனி தொடாதீர்கள். அந்த முடி கண்ணில் பட்டால் சிக்கல். கூடு கிழித்த கையால் முகத்தைத் துடைக்கவே கூடாது. அரிக்கும் இடத்தைத் தேய்க்காமல் ஒட்டுநாடாவை வைத்து அழுத்தி எடுங்கள், முடி அதோடு வந்துவிடும்.

இன்னொன்று. கலஹாரியின் பூர்வகுடியான சான் மக்கள் நடனத்தில் காலில் கட்டும் சலங்கை இந்தக் கூடுதான். உள்ளே இருப்பதை எடுத்துவிட்டு, சின்னக் கற்களோ தீக்கோழி முட்டை ஓட்டுத் துண்டுகளோ போட்டுக் கோத்துவிடுவார்கள். நோய் தீர்க்கும் நடனத்தில் ராத்திரி முழுக்க அந்த ஓசைதான். நான் கேட்டிருக்கிறேன். வெண்கலச் சலங்கை மாதிரி கணீரென்று இருக்காது, மணல் உரசுகிற மாதிரி ஒலி.

சுப்பு83

இதெல்லாம் சரி. புது இனமா என்று செல்வா அண்ணன் கேட்டதற்கு யாரும் பதில் சொல்லவில்லை. புது இனமாக இருந்தால் என்ன செய்யணும்? யார் பெயர் வைப்பது? மரபணு பார்த்தால் ஒரே நாளில் தெரிந்துவிடாதா?

பிரகாஷ்_மரபணு

தெரியும். பூச்சியின் ஒரு கால் போதும். மைட்டோகாண்ட்ரியாவில் சிஓஐ என்ற மரபணுவின் 658 எழுத்துள்ள துண்டைப் படித்து, தரவுத்தளத்தில் உள்ளவற்றோடு ஒப்பிட வேண்டும். 2003இல் கனடாவின் பால் ஹீபர்ட் முன்வைத்த முறை, பட்டைக்குறி என்பார்கள். செல்வா மொபானேக் கூட்டிலிருந்து ஒன்றும் வேல மரக் கூட்டிலிருந்து ஒன்றும் கொடுத்தால் இரண்டும் ஒன்றா வேறா என்ற கேள்வி முடிந்துபோகும். கூடு, இலை, மரம் என்று இவ்வளவு பேச வேண்டியதே இல்லை.

ராகவன்_பூச்சியியல்

பிரகாஷ், இதில் பாதியை ஒப்புக்கொள்கிறேன். இரண்டும் வேறு வேறு என்று பட்டைக்குறி காட்டலாம். ஆனால் எது எந்தப் பெயருக்கு உரியது என்று அது எப்படிச் சொல்லும்? தரவுத்தளத்தில் "போஸ்டிகா" என்று ஒருவர் பெயரிட்டு வைத்திருப்பார். அவர் எதை வைத்துப் பெயரிட்டார்? படத்தைப் பார்த்தா, மரத்தைப் பார்த்தா? அங்கே பிசகு இருந்தால் அந்தப் பிசகு உங்கள் முடிவுக்கும் வரும். தவிர, எத்தனை விழுக்காடு வித்தியாசம் இருந்தால் தனி இனம் என்று எல்லாப் பூச்சிக்கும் பொருந்தும் கோடு ஒன்று கிடையாது. ஆப்பிரிக்கப் பெரும்பூச்சிகளில் சமீப ஆண்டுகளில் பட்டைக்குறியின் சிறு வித்தியாசத்தை வைத்தே அடுக்கடுக்காகப் பெயர் வைத்திருக்கிறார்கள். அதில் எத்தனை நிற்கும் என்று எனக்குப் பலத்த சந்தேகம்.

சுப்பு, பெயர் வைப்பது பற்றி. விலங்குப் பெயரீட்டுக்கு உலக அளவில் ஒரு சட்டநூல் உண்டு. லின்னேயஸின் 1758 நூல்தான் அதற்குத் தொடக்கப் புள்ளி. இப்போது நடப்பில் இருக்கும் நான்காம் பதிப்பு 2000 ஜனவரி 1 முதல். அதன்படி, புதுப் பெயர் செல்ல வேண்டுமானால் வெளியீட்டில் அந்த இனத்தை மற்றவற்றிலிருந்து பிரிக்கும் விவரணை வேண்டும். ஒரு குறிப்பிட்ட பூச்சியை, ஊசி குத்தி, சீட்டு எழுதி, "இதுதான் மூலமாதிரி" என்று அறிவிக்க வேண்டும். அது எந்தச் சேகரிப்பில் இருக்கிறது என்றும் சொல்ல வேண்டும். இணையத்தில் மட்டும் வெளியிடுவது 2012 முதல் செல்லும், ஆனால் ஜூபேங்க் என்ற இணையப் பெயர்ப் பதிவேட்டில் பதிவு செய்திருக்க வேண்டும். பெயர் என்பது அந்த ஊசியில் இருக்கும் ஒரே ஒரு பூச்சியோடு கட்டப்பட்டது. அதன் பிறகு எத்தனை பேர் எத்தனை படம் எடுத்தாலும், கேள்வி வந்தால் அந்தப் பூச்சியிடம்தான் திரும்பப் போக வேண்டும்.

இங்கேதான் பழைய ஆட்கள் படுத்தும் பாடு. போஸ்டிகாவுக்குப் பெயர் வைத்த பிரான்சிஸ் வாக்கர் லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்துக்காகப் பட்டியல் போட்டவர். கைக்கு வந்த பூச்சிக்கெல்லாம் பெயர். ஆயிரக்கணக்கில். நிறம், கோடு, இறகின் அளவு என்று சில வரிகளில் விவரணை முடிந்துவிடும். ஒரே பூச்சிக்கு அவரே இரண்டு மூன்று பெயர் வைத்த கதைகளும் உண்டு. 1874இல் அவர் இறந்தபோது வந்த இரங்கல் குறிப்பு, பூச்சியியலுக்கு அவர் செய்த கேடு அளவிட முடியாதது என்றே எழுதியது. இரங்கலில் அப்படி எழுதுகிறார்கள் என்றால் உயிரோடு இருந்தபோது என்ன பேசியிருப்பார்கள்! ஆனாலும் அவர் வைத்த பெயர் முந்தியது, முறையாக வெளியானது. ஆகவே செல்லும். கோனோமெட்டா என்ற பேரினமே அவர் வைத்ததுதான். பிடிக்கிறதோ இல்லையோ, அதோடுதான் குடித்தனம்.

ஆக, "புது இனம்" என்று சொல்வதற்கு முன்னால் பழைய பெயர்கள் அத்தனையின் மூலமாதிரிகளையும் பார்த்திருக்க வேண்டும். ஆண் பூச்சியின் வயிற்று நுனியைக் காரக் கரைசலில் ஊறவைத்துச் சதையை நீக்கி இனப்பெருக்க உறுப்பின் வடிவத்தைப் பார்க்க வேண்டும். இந்தக் குடும்பத்தில் எட்டாவது வயிற்று வளையத்தின் அடித்தகடும் உதவும். அதற்குப் பிறகு பட்டைக்குறியும் வரட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை.

பிரகாஷ்_மரபணு

> தரவுத்தளத்தில் "போஸ்டிகா" என்று ஒருவர் பெயரிட்டு வைத்திருப்பார்

நியாயம். ஆனால் உறுப்பைப் பிரித்துப் பார்த்து வைத்த பெயரும் ஒருவர் கண்ணால் பார்த்து முடிவு செய்ததுதானே? அருங்காட்சியகத்துக்குப் போய் மூலமாதிரியைப் பார்க்கும் வசதி பிரான்சிஸ்டவுனில் இருப்பவருக்குக் கிடையாது. மாதிரிகள் பலவும் ஐரோப்பாவில். ஆப்பிரிக்கப் பூச்சிக்கு ஆப்பிரிக்காவில் உட்கார்ந்து பெயர் சொல்ல முடியாத நிலைமையை மாற்றியது மரபணு முறைதான். பழைய மாதிரியிலிருந்தும் இப்போது மரபணு எடுக்க முடிகிறது. இரண்டையும் இணைத்தால் சண்டைக்கு வேலை இல்லை.

ராகவன்_பூச்சியியல்

அந்த வருத்தம் எனக்கும் உண்டு. ஆனால் அங்கே ஒன்றும் இல்லை என்று நினைக்காதீர்கள். பிரிட்டோரியாவில் டிட்சோங் அருங்காட்சியகத்தில் நல்ல சேகரிப்பு இருக்கிறது. புலவாயோ இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில்தான் எலியட் பின்ஹே வேலை பார்த்தார். தென்னாப்பிரிக்கப் பேரரசப் பூச்சிகளைப் பற்றி எழுதிய பெரிய கை. பிரான்சிஸ்டவுனிலிருந்து புலவாயோ எல்லை தாண்டினால் பக்கம்தான்.

ஒரு எச்சரிக்கை செல்வா: பூச்சியையோ அதன் காலையோ நாடு தாண்டி அனுப்ப அனுமதி வேண்டும். உயிரினப் பொருளின் பயன் பகிர்வு பற்றிய நகோயா உடன்பாடு 2014 முதல் நடைமுறையில் இருக்கிறது. உறையில் போட்டு அஞ்சலில் அனுப்புவதெல்லாம் வேண்டாம். கபரோனில் தேசிய அருங்காட்சியகம் இருக்கிறது, முதலில் அவர்களிடம் கேளுங்கள்.

செல்வா_பிரான்சிஸ்டவுன்

எல்லோருக்கும் நன்றி. நேற்று மறுபடி போய் வந்தேன். கையுறையோடுதான், கலை மேடம்.

வேல மரக் கூடும் மொபானேக் கூடும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எடுத்த படம் இது. என் கண்ணுக்கு வித்தியாசம் தெரியவில்லை. சில பெரிது, சில சிறிது, அவ்வளவுதான். வேல மரம் இருக்கும் இடத்தைச் சுற்றி நாலு பக்கமும் மொபானே. வேல மரத்துக்குக் கீழே கிடந்த ஒரு வேலிக் கம்பத்திலும் கூடு இருந்தது! கம்பத்தை எந்தப் புழுவும் தின்னாது என்று நினைக்கிறேன்.

கேள்வி: ரூஃபோப்ரன்னியா மொபானே மட்டும்தான் தின்னும் என்றால், வேல மரத்தில் இருப்பது போஸ்டிகா என்று முடிவு செய்யலாமா?

ராகவன்_பூச்சியியல்

கூடாது. பதிலை நீங்களே கம்பத்தில் பார்த்துவிட்டீர்களே!

முற்றிய கோனோமெட்டா புழு, தின்ற மரத்திலேயே கூடு கட்டும் என்று உறுதி இல்லை. இறங்கி நடந்து பக்கத்து மரம், புதர், கம்பம் எதிலும் ஏறிக் கட்டும். தென்னாப்பிரிக்க ஆய்வாளர்கள் இதைத் தனியாகவே அளந்திருக்கிறார்கள், உணவு மரம் அல்லாத செடிகளிலும் கூடுகள் கிடைத்தன. ஆகவே கூடு இருக்கும் மரம் சாட்சி அல்ல. இலையைத் தின்னும் நேரத்தில் புழுவைப் பார்த்தால்தான் அது சாட்சி. நாலு பக்கமும் மொபானே சூழ்ந்த ஒற்றை வேல மரத்தில் இருப்பவை மொபானேயிலிருந்து நடந்து வந்தவையாக இருக்க நல்ல வாய்ப்பு உண்டு.

பெரிது சிறிது பற்றி: அது பெரும்பாலும் ஆண் பெண் வித்தியாசம். பெண் கூடு பெரிது. பூச்சியும் அப்படித்தான், ஆணையும் பெண்ணையும் பக்கத்தில் வைத்தால் வேறு வேறு இனம் என்றே சொல்வீர்கள். அளவை வைத்து இனம் பிரித்துவிடாதீர்கள். பெண் கூட்டில் பட்டு அதிகம். பட்டுக்காரர்கள் பெரிதாகப் பார்த்து உயிருள்ள கூட்டைப் பொறுக்கினால் பெண்களையே பொறுக்கியதாகிவிடும்.

கலை_கால்நடை (வின்ட்ஹுக்)

இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள் ஐயா. இவை ஒவ்வொரு வருடமும் ஒரே அளவில் வராது. ஒரு வருடம் மரமெல்லாம் கூடாகத் தொங்கும், அடுத்த சில வருடம் தேடினாலும் கிடைக்காது. செல்வா சாருக்கு இது நல்ல வருடம் போல. பார்க்க வேண்டியதை இப்போதே பார்த்துவிடுங்கள்.

ஹராரே_மணி

கிழக்கு ஆப்பிரிக்காவில் இதே பேரினத்தில் போடோகார்ப்பி என்று ஒன்று உண்டு. அதுவும் அவுரிவிலியஸ் வைத்த பெயர்தான். உகாண்டாவில் வெளிநாட்டு பைன் தோட்டங்களை மொட்டையடித்துப் பெயர் வாங்கியது. உள்ளூர் மரத்தை விட்டு வந்த மரத்துக்கு மாறிக்கொண்டது. "இது இந்த மரம் மட்டும்தான் தின்னும்" என்று எழுதியிருப்பதை நான் கொஞ்சம் உப்புப் போட்டுத்தான் படிப்பேன்.

செல்வா_பிரான்சிஸ்டவுன்

சரி, அப்படியானால் நான் என்ன செய்யட்டும்? வீட்டில் வைத்துப் பார்க்கலாமா?

ராகவன்_பூச்சியியல்

பார்க்கலாம். மூடிய, கனமான கூடுகளை மட்டும் கிளைத்துண்டோடு வெட்டுங்கள். இரண்டு வலைக்கூண்டு. மொபானேக் கூடு ஒன்றில், வேல மரக் கூடு ஒன்றில். கலக்கவே கூடாது. ஒவ்வொன்றுக்கும் சீட்டு: எந்த மரம், எந்த இடம், என்ன தேதி. சீட்டு இல்லாத பூச்சி எவ்வளவு அழகாக இருந்தாலும் ஆய்வுக்குப் பயன்படாது.

கூண்டை வீட்டுக்குள் வைக்காதீர்கள். உள்ளே கதகதப்பில் நேரம் கெட்ட நேரத்தில் பூச்சி வந்துவிடும். வராந்தாவில், நிழலில், வெளிக்குளிர் படும்படி. வருடத்துக்கு இரண்டு தலைமுறை. இப்போது இருப்பவை குளிர்காலத்தைக் கூட்டில் தூங்கிக் கழிக்கும் தலைமுறை. வெயில் ஏறும்போது வெளிவரும். எல்லாம் ஒரே நாளில் வராது. சில பிடிவாதமாக இன்னும் தூங்கும், தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

செல்வா_பிரான்சிஸ்டவுன்

நீண்ட இடைவெளிக்குப் பிறகு வருகிறேன், மன்னிக்கவும். இங்கே வெயில் தொடங்கிவிட்டது, மொபானே செந்தளிர் விடுகிறது.

வேல மரக் கூண்டில் முதலில் வந்தவை ஈக்கள். சாம்பல் நிறம், முதுகில் முடி விறைத்து நிற்கிறது. மீனா அக்காவின் ஊசி ஈயின் சொந்தக்காரர்கள்தான் என்று நினைக்கிறேன். படம் கீழே. அந்தக் கூண்டில் இதுவரை பூச்சி எதுவும் வரவில்லை.

மொபானேக் கூண்டில் நேற்று ராத்திரி ஒரு பூச்சி! செம்பழுப்பு நிறம். உடம்பு குண்டு, நகரவே சோம்பல். இறகு விரிய நேரம் எடுத்தது. தேனும் சர்க்கரைத் தண்ணீரும் வைத்தேன், கண்டுகொள்ளவில்லை.

சிவகங்கை_மீனா

அதற்கு வாய் வேலை செய்யாது தம்பி, எங்கள் பட்டுப்பூச்சிக்கும் அப்படித்தான். புழுவாக இருந்தபோது தின்றதை வைத்துத்தான் மிச்ச நாள். ஈ படம் பார்த்தேன். கை தானாக அடிக்கப் போயிற்று.

ராகவன்_பூச்சியியல்

ஈக்களை அடித்து நசுக்கிவிடாமல் சாராயத்தில் போட்டு வையுங்கள், அவற்றுக்கும் சீட்டு எழுதுங்கள். எந்த ஒட்டுண்ணி எந்தப் பூச்சியில் வந்தது என்பது பதிவு செய்ய வேண்டிய செய்தி.

வந்திருப்பது பெண். நிறத்தைப் பார்த்தால் ரூஃபோப்ரன்னியா என்ற என் எண்ணம் வலுக்கிறது. ஆனால் பெண்ணை மட்டும் வைத்து நான் கையெழுத்துப் போட மாட்டேன். ஆண் வேண்டும். அதற்காக நீங்கள் அலைய வேண்டியதில்லை, அந்தப் பெண்ணே கூப்பிடும். இன்னும் இணை சேராத பெண் என்பதால் வாசனை விடும். சிறு வலைக்கூண்டில் வைத்து, எறும்பு ஏறாமல் கம்பியில் கட்டி, கூடு எடுத்த அதே மொபானேக் கிளையில் சாயங்காலம் தொங்கவிடுங்கள். இந்தக் குடும்பத்தில் ஆண்கள் தூரத்திலிருந்தே தேடி வரும். கூண்டைச் சுற்றிச் சிறகடித்துக்கொண்டு இருக்கும், வலை போட்டுப் பிடிப்பது சுலபம்.

பிரகாஷ்_மரபணு

வரும் ஆணில் ஒன்றின் காலை வீரியமான சாராயத்தில் தனியாக வையுங்கள். அனுமதி கிடைத்த பிறகு பார்த்துக்கொள்ளலாம். ராகவன் சார் உறுப்பைப் பார்க்கட்டும், நான் எழுத்தைப் பார்க்கிறேன்.

சுப்பு83

செல்வாயி இனி இல்லை என்று புரிந்துவிட்டது. மனசைத் தேற்றிக்கொள்கிறேன்.

செல்வா_பிரான்சிஸ்டவுன்

வந்தன! ராகவன் ஐயா சொன்ன மாதிரியே. முதல் ராத்திரி காற்று பலம், ஒன்றும் இல்லை. அடுத்த ராத்திரி நாலு வந்தன. பெண்ணில் பாதி அளவு, பறப்பது மட்டும் அம்பு வேகம். இரண்டைப் பிடித்தேன், மற்றவற்றில் ஒன்றைக் கூண்டுக்குள் விட்டேன். காலையில் கூண்டுக் கம்பியில் வரிசையாக முட்டை. கபரோனுக்கும் கடிதம் எழுதிவிட்டேன், படிவம் அனுப்பியிருக்கிறார்கள். ஆணின் மேல்பக்கம், கீழ்ப்பக்கம், உணர்கொம்பு எல்லாம் படத்தில்.

வேல மரக் கூண்டில் இன்னும் மூன்று கூடு மூடியே இருக்கின்றன.

ராகவன்_பூச்சியியல்

ஆணின் படத்தைப் பார்த்தேன். மொபானேயில் நீங்கள் எடுத்தவற்றுக்கு "கோனோமெட்டா ரூஃபோப்ரன்னியா, உறுப்புப் பரிசோதனைக்கு உட்பட்டு" என்று சீட்டு எழுதலாம். வேல மரக் கூடுகளுக்கு "கோனோமெட்டா இனம்" என்று மட்டும் எழுதுங்கள். ஈயை வைத்து அதற்கு மேல் சொல்ல முடியாது.

முட்டை கிடைத்தது பெரிய விஷயம். இதுவரை எழுதியவர்கள் பட்டையும் கூட்டையும்தான் அதிகம் பார்த்தார்கள். குஞ்சுப்புழு முதல் முற்றிய புழு வரை ஒவ்வொரு தோலுரிப்புக்கும் நிறம், ரோமக் கற்றை, தலை அகலம் குறித்து, பக்கத்தில் அளவுகோல் வைத்துப் படம் எடுத்தால் அது விவரணைக்கு உதவும். பொரிக்கும் நாளில் மூன்று கிண்ணம் தயாராக வையுங்கள். ஒன்றில் மொபானேத் தளிர் மட்டும், ஒன்றில் வேல இலை மட்டும், மூன்றாவதில் இரண்டும். மணியின் சந்தேகத்துக்கும் அதில் விடை கிடைக்கும். இலையை ஈரத்துணியில் சுற்றி வையுங்கள், கிண்ணத்தில் தண்ணீர் தேங்க விடாதீர்கள். இரண்டாவது தோலுரிப்புக்குப் பிறகு வெறுங்கையால் தொட வேண்டாம், தூரிகையால் தூக்குங்கள்.